புகார் வராத கோபுரம்

அன்றைக்கு நிலையத்தில் இருந்தவர்கள்: பொறுப்பாளர் புவனேஸ்வரி. டெக்னீஷியன் பலராமன், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் பாக்கி, வேலை செய்யும் ஆசை எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. ஜெனரேட்டரையும் கேட்டையும் பார்த்துக்கொள்ளும் சேவியர். நிலையத்தை மூடுவதற்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி சௌந்தரராஜன். வெளியே நின்ற வெள்ளைக் காருக்குள் அவருடைய டிரைவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார், அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நேயர்கள் யாரும் இல்லை. அதுதான் பிரச்சினையே.

நிலையம் பாகூரிலிருந்து குருவிநத்தம் போகும் சாலையில், கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் இருந்தது. தாழ்வான ஒரு கட்டடம், பின்னால் ஆள் உயரத்தை மிஞ்சிய ஒரு டிஷ், அதற்கும் பின்னால் சிவப்பும் வெள்ளையும் பூசிய இரும்புக் கோபுரம். ஊர்க்காரர்கள் அதை டிவி டவர் என்றார்கள். அதுவும் வழி சொல்வதற்கு மட்டும்தான். டிவி டவர் தாண்டி ரெண்டாவது மோட்டார் கொட்டாய் என்பார்கள். டவர் என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

செய்கிற வேலை சுலபமாகச் சொல்லக்கூடியதுதான். எங்கோ ஒரு ஊரில் கேமரா எடுக்கும் படம் டெல்லிக்குப் போகிறது. டெல்லி அதை மேலே நிற்கும் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. செயற்கைக்கோள் அதை நாடு முழுக்கக் கொட்டுகிறது. கீழே வந்து சேரும்போது அதில் ஒரு எறும்பைச் சுடுகிற வலுகூட இருக்காது. அந்த இம்மியை டிஷ் பிடித்து அறைக்குள் அனுப்பும், டிரான்ஸ்மிட்டர் அதற்குப் புது வலுவைக் கொடுத்துக் கோபுர உச்சிக்கு ஏற்றும், உச்சியிலிருந்து அது வயல்களுக்கு மேல் பரவும். டிவிக்குப் பின்னால் ஒரு கம்பியைச் சொருகினால் படம் வரும். சந்தா கிடையாது, நெட் கிடையாது. நாடு முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில் கோபுரங்கள் இருந்தன. ஒன்றை ஒன்று பார்க்காமலே எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே படத்தைக் காட்டின.

அப்புறம் கேபிள் வந்தது, மாடிக்கு மாடி குட்டி டிஷ் வந்தது, கடைசியில் போன் வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. கோபுரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. இதை மட்டும் டிஜிட்டலுக்கு மாற்றி, சோதனைக்கு என்று விட்டுவைத்தார்கள். சோதனை என்று சொன்னவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். சோதனை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு புகார் வந்திருக்காம்மா?" என்று கேட்டார் சௌந்தரராஜன். மேசை மேல் ஒரு காகிதத்தைப் புவனேஸ்வரி பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்.

"இல்ல சார். நல்லா ஓடுது, அதான்."

"நல்லா ஓடுறதெல்லாம் வேற. ஆவணியில ஒரு நாள் முழுக்க நின்னுபோச்சே. யாராவது போன் பண்ணி என்னாச்சுன்னு கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. அன்றைக்குப் புவனேஸ்வரி போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ராங் நம்பர்கூட வரவில்லை.

"அப்ப யாரும் பாக்கலைன்னுதானே அர்த்தம்? நான் ஒண்ணும் உன் மேல தப்பு சொல்லல. இதுல ஒரு கையெழுத்துப் போடு, அவ்வளவுதான். சாயந்திரத்துக்குள்ள சாமான் எல்லாம் எண்ணிட்டு நான் கிளம்பிடுறேன்."

காகிதத்தில் ஒரு வரி இருந்தது. 'ஒளிபரப்பு எல்லைக்குள் நேயர் எவரும் இல்லை என்று உறுதி செய்யப்படுகிறது.' கீழே பொறுப்பாளர் கையெழுத்துக்கு இடம்.

மூடினால் அவளுக்கு மத்தியப் பிரதேசத்தில் எங்கோ போஸ்டிங். வில்லியனூரில் வீடு, கணவனுக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனி வேலை, எல்லாம் தலைகீழாகும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்த வரியைத்தான் ஏற்க முடியவில்லை. தன் வயசில் பாதியை யாருமே இல்லாத ஒரு இடத்துக்குப் படம் அனுப்பிச் செலவழித்தேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொய் என்று சொல்லவும் அவளிடம் ஒன்றும் இல்லை. கோபுரம் பேசும். கேட்காது. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அதற்கு ஒருநாளும் தெரியாது.

"சாயந்திரம் போடுறேன் சார். எண்ணி முடிங்க," என்றாள்.

முந்தின நாள் ஆயுத பூஜை. எந்த வருஷமும் பூஜைச் சாமான் வாங்கி வருபவர் சேவியர்தான். சட்டைப் பையில் மாதா படம் வைத்திருக்கும் மனிதர், ஆயுத பூஜை என்றால் ஒரு ஸ்குரூ டிரைவரைக்கூட விடமாட்டார். டிரான்ஸ்மிட்டருக்குச் சந்தனம், குங்குமம். ஜெனரேட்டருக்குப் பட்டை பட்டையாக விபூதி. கேட்டில் வாழைக்கன்று. டிஷ்ஷுக்கு வழக்கமாக அதன் இரும்புக் காலில் ஒரு முழம் பூவைச் சுற்றிவிடுவார்கள். இந்த வருஷம் அதிகாரி வரப்போகிற செய்தி தெரிந்திருந்ததால் சேவியர் கை தாராளமாகி, சாமிக்குப் போடுகிற மாதிரி தடித்த சாமந்தி மாலை ஒன்று வாங்கி வந்திருந்தார்.

"கடைசிப் பூஜை. காலுக்கு வேணாம், தலைக்கே போடலாம்," என்று புவனேஸ்வரி ஏணியை வைத்து அவளே ஏறினாள். டிஷ்ஷின் நடுவில் மூன்று கம்பிகள் தாங்கி நிற்கும் ஒரு குழல் உண்டு. வானத்திலிருந்து வந்து டிஷ்ஷில் பட்டுத் திரும்புவதெல்லாம் கடைசியில் அந்தக் குழலின் வாய்க்குள்தான் போக வேண்டும். அந்தக் குழலின் கழுத்தில் மாலையைப் போட்டாள்.

"மாப்ளை மாதிரி இருக்குது மேடம்," என்றார் பலராமன்.

படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலை காய்ந்திருந்தது, கழுத்தோடு நின்றது. அவள் படித்த படிப்பு முழுக்க அன்றைக்கு ஏணிக்குக் கீழேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

சௌந்தரராஜன் நாற்காலிகளை எண்ணி முடித்து ஃபேன்களுக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு பைக் நின்றது. சுரேஷ். பாகூர் கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், சுற்று வட்டாரத்துக்கே கேபிள் கொடுப்பவன். பார்க்கும்போதெல்லாம் "மேடம், உங்க டவர்ல எங்க வூட்டுத் துணியக் காயப் போட்டுக்கலாமா?" என்று கேட்பவன். அன்றைக்கு அந்தச் சிரிப்பு இல்லை.

"மேடம், ஒரு உதவி. சிக்னல் வேணும்."

"உனக்கு எதுக்குப்பா எங்க சிக்னல்? துணி காயப்போட இடம் கேட்ட மாதிரி ஞாபகம்."

"ஐயோ மேடம், அதெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க. போன வாரம் அடிச்ச புயல்ல என் டிஷ்ஷு, வூட்டு மாடி டிஷ்ஷு ஒண்ணுகூட மிஞ்சல, எல்லாம் ஏரில கெடக்குது. பாண்டிலேர்ந்து வர்ற லைனும் அறுந்துபோச்சி. போன்ல பேசுறதுக்கே மொட்ட மாடி ஏற வேண்டிக்கீது, நெட்டு எங்க வரும்? இன்னிக்கு சுகன்யாவுக்கு ஃபைனலு மேடம்!"

சுகன்யா குருவிநத்தத்துப் பெண். புதுச்சேரி மகளிர் கபடி அணியில் பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டி எதிரணிக்குள் போய்வருகிறவள். தேசியப் போட்டியில் இந்த அணி இறுதிவரை வந்தது அதுவரை நடக்காத விஷயம். ஆட்டம் லக்னோவில். எதிரே ஹரியானா.

"ஊருக்குக் கரண்டு நேத்தே வந்துடுச்சி," என்றான் சுரேஷ். "ஊருக்குள்ள என் ஒயரு, குருவிநத்தம் லைனு எல்லாம் நல்லாத்தான் கீது. ஒயருக்குள்ள உடறதுக்குத்தான் ஒண்ணுமில்ல. ஜனம் எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்குது. எங்கப்பா கடைய அடச்சிட்டு உள்ள உக்காந்துக்கினாரு. அடிதான் உழும்போல."

"நம்ம சேனல்ல லைவ் வருது," என்றாள் புவனேஸ்வரி. சொல்லும்போதே அவளுக்குள் ஏதோ எழுந்து நின்றது. "ஆன்டெனா இருக்கா?"

"கடைல பழசு கீது. டிஜிட்டல் பாக்ஸுதான் இல்ல."

பாக்ஸ் அவள் மேசை மேல் இருந்தது. கோபுரத்திலிருந்து வெளியே போகிற படம் சரியா என்று பார்ப்பதற்கு வைத்திருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று. அவள் ஒயரைப் பிடுங்கினாள்.

"அது அரசாங்கச் சொத்து," என்றார் சௌந்தரராஜன், ஃபேனை அண்ணாந்து பார்த்தபடியே.

"சோதனைக்கு வெளியே போயிருக்குன்னு எழுதிக்கங்க சார். இது சோதனை நிலையம்தானே?"

அவர் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார், ஆனால் பலராமன் பாக்ஸை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சுரேஷின் பைக்கில் ஏறிவிட்டார். பலராமன் அவ்வளவு வேகமாக நகர்ந்ததை அந்த நிலையம் அதுவரை பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பலராமனிடமிருந்து போன் வந்தது. விட்டு விட்டுக் கேட்டது. "மேடம், கண்ணாடி மாதிரி கீது... சுரேசு எல்லா லைனுக்கும்... ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சி..." அதற்குப் பிறகு லைன் செத்துவிட்டது.

நிலையத்திலும் மானிட்டரில் ஆட்டம் ஓடியது. சுகன்யா ஒல்லியாக, உயரமாக இருந்தாள். கோட்டைத் தாண்டும்போது கையை முன்னால் நீட்டாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். ஏதோ வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. தொட்டதே தெரியாது, திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பக்கம் ஒருத்தி தலையில் அடித்துக்கொள்வாள். முதல் பாதியில் ஹரியானா முன்னால் இருந்தது, ஆனால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான்.

"பாத்தீங்களா சார்? பாகூர் முழுக்க இதைத்தான் பாக்குது," என்றாள்.

சௌந்தரராஜன் எண்ணுவதை நிறுத்தி மானிட்டருக்கு முன்னால் நின்றிருந்தார். நிற்பது தெரிந்ததும் தொண்டையைச் செருமினார். "பாக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? சுரேஷ் சொன்னா ஆச்சா? அவன் பாக்ஸை எடுத்துட்டுப் போய் அவன் வீட்டுல மட்டும் போட்டிருக்கலாம். ஃபைல்ல நான் என்னன்னு எழுதுறது?"

அவள் வெளியே காது கொடுத்தாள். கரும்புத் தோகை உரசும் சத்தம், நிலையத்துக்கு இன்னும் கரண்ட் வராததால் ஓடிய ஜெனரேட்டர், அப்புறம் மழை. வடகிழக்கு மூலையிலிருந்து இறங்கி வந்த கனத்த மழை. அந்தச் சத்தத்தில் பாகூர் என்று ஒரு ஊர் இருப்பதற்கே அடையாளம் இல்லை.

இடைவேளை முடிந்து இரண்டாம் பாதி தொடங்கியது. சுகன்யா மறுபடியும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். அவளுடைய முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. ஒரு கால் திரையின் இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாக நின்றது. அப்புறம் கறுப்பு.

"சேவியரு!" என்று கத்தினாள் புவனேஸ்வரி. "ஜெனரேட்டரா?"

"ஓடுது மேடம்! மணி மாதிரி ஓடுது!"

அவள் டிரான்ஸ்மிட்டரிடம் ஓடினாள். எல்லா முள்ளும் அதனதன் இடத்தில் இருந்தது. எதைத் தொடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சுவிட்சை அணைத்துப் போடப் போனாள்.

"அதைத் தொடாதே," என்றார் சௌந்தரராஜன். அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அவரும் ஒரு காலத்தில் மலை மேல் நிலையங்களில் ராத்திரி பகல் பார்க்காமல் கிடந்த எஞ்சினியர்தான். ஃபைல்கள் பின்னால் வந்தவை. "பவர் முழுசா வெளிய போகுது, பாரு. கோபுரம் நல்லா இருக்கு. உள்ள வர்றதுதான் இல்ல. ரிசீவர்ல என்ன காட்டுது?"

"குவாலிட்டி விழுந்துடுச்சு சார். மழையால இருக்குமா?"

"இந்த அலைவரிசைக்கு மழையாவது, மண்ணாவது. டெல்லி நின்னிருந்தா ஒரேடியா நின்னிருக்கும், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா சாகாது. டிஷ்ஷைப் போய்ப் பாரு."

இரண்டு பேரும் பின்பக்கம் ஓடினார்கள். அவர் கையில் குடை இருந்தது. டிஷ்ஷைப் பார்த்த இடத்தில் புவனேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள்.

மாலை தண்ணீர் குடித்து இரண்டு மடங்காக உப்பியிருந்தது. காற்று அதைக் கழுத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்து குழலின் வாயில் சேர்த்திருந்தது. ஈரச் சாமந்தி வாயை அடைத்து உட்கார்ந்திருந்தது. விண்வெளியைத் தாண்டி வந்த படம் ஒரு முழம் பூவைத் தாண்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தது.

"யாரு போட்டது அதை?"

"நான்தான் சார்."

"எத்தனை வருஷ சர்வீஸ் உனக்கு?"

"அதை மட்டும் இப்பக் கேக்காதீங்க சார்."

ஏணியை அவளே இழுத்து வந்து சாத்தினாள். அடியில் சேறு, ஏணி வழுக்கியது. சௌந்தரராஜன் குடையைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தார். சென்னையிலிருந்து போட்டு வந்த சட்டை ஒரு நொடியில் உடம்போடு ஒட்டியது. "ஏறு, ஏறு! பிடிச்சிருக்கேன்!"

அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். மேல் படியில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டி மாலையைப் பற்றி இழுத்தாள். வரவில்லை, நார் கம்பியில் சிக்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழு. மாலை அறுந்து, முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுக் கீழே விழுந்தது. கொஞ்சம் சௌந்தரராஜன் தோளிலும் விழுந்தது.

உள்ளேயிருந்து சேவியரின் குரல் வந்தது. "வந்துச்சி மேடம்! வந்துச்சி! சுகன்யா நிக்குது!"

அந்தக் குரல் அடங்குவதற்குள் இன்னொரு சத்தம். முதலில் டிராக்டர். பின்னால் இரண்டு மூன்று பைக். அதற்கும் பின்னால் மனிதக் குரல்கள், நிறைய. கரும்பு ஏற்றுகிற டிரெய்லரில் ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். தலைக்கு மேல் உரச்சாக்கு, தார்ப்பாய், ஒருத்தர் தலையில் அண்டா. வண்டி கேட்டில் வந்து நின்றதும் முதலில் குதித்தவள் வேலம்மாள். டவருக்குப் பக்கத்துக் கரும்பு அவளுடையது, சுகன்யாவுக்குப் பெரியம்மா முறை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அந்த கேட்டுப் பக்கம் திரும்பாதவள்.

"யாருடா அது உள்ள? எங்கடா படம்?"

கேட்டை உலுக்கினார்கள். வாழைக்கன்று சாய்ந்தது. வெள்ளைக் காருக்குள் டிரைவர் விழித்து, கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டிக்கொண்டார்.

"எங்க பொண்ணு பாடப் போறப்ப பாத்து நிறுத்திட்டீங்களே, நீங்கல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் துண்றீங்களா?" என்றான் ஒருத்தன். "சுரேசக் கேட்டா, எங்கிட்ட ஒண்ணுமில்ல, எல்லாம் டவருலதான், அங்க போயி கேளுன்றான்!"

புவனேஸ்வரி ஏணியின் உச்சியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மழை தலையில் கொட்டியது. அவளுக்கு இறங்கத் தோன்றவில்லை.

"ஏம்மா, ஒன்னத்தான்!" வேலம்மாள் அவளைப் பார்த்துவிட்டாள். "இன்னா பொம்பள நீ? மழைல ஏணி மேல ஏறி நின்னு வேடிக்க பாக்குற?"

"படம் போனது உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் புவனேஸ்வரி.

"தெரிஞ்சுதாவா? கிண்டலா பண்ற? கண்ணு இன்னா பொடறிலயா கீது எங்களுக்கு?"

"எந்தெந்த வீட்ல போச்சு?"

"எந்தெந்த வூடா? ஊரே பாத்துக்கினு இருந்துதுடி! குருவிநத்தம் பூரா, பாகூர் கடத்தெரு பூரா! கோயில் வாசல்ல பெருசா ஒரு டிவிய வெச்சி, அங்க நிக்க எடமில்ல!"

"இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா. சார் காதுல விழட்டும்."

"லூசா இவ?" என்று வேலம்மாள் பக்கத்தில் நின்றவனைக் கேட்டாள். ஆனால் சத்தமாகச் சொல்வதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இரண்டாம் தடவை ஊர்ப் பெயர்களோடு இன்னும் கொஞ்சமும் சேர்த்துச் சொன்னாள். இந்த நிலையத்தில் இருக்கிறவர்களுடைய பிறப்பு, வளர்ப்பு, அவர்கள் வாங்குகிற சம்பளம் எல்லாம் அதில் வந்தது. சௌந்தரராஜன் ஏணியைப் பிடித்தபடி, தோளில் சாமந்தியோடு, முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"சார்," என்றாள் புவனேஸ்வரி மேலேயிருந்து. "புகார் வந்திருக்கு."

"கேக்குதும்மா," என்றார் அவர். "கீழ இறங்கு முதல்ல."

"படம் வந்துடுச்சி, ஓடியாங்க!" என்று சேவியர் கேட்டைத் திறந்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பிப் போக நேரமில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஈரக்காலோடு மொத்தக் கூட்டமும் உள்ளே புகுந்தது. அறை சின்னது. பாதிப்பேர் நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அண்டாக்காரர் அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் ஏறிக்கொண்டார். சந்தனம் வைத்த டிரான்ஸ்மிட்டரைப் பார்த்ததும் வேலம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, சற்று முன் திட்டியது நினைவுக்கு வந்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. ஹரியானா இரண்டு புள்ளி முன்னால். சுகன்யா கோட்டுக்கு வந்தாள்.

"போ, கண்ணு," என்றாள் வேலம்மாள், யாருக்கும் கேட்காத குரலில்.

இடுப்பில் கை. இரண்டு எட்டு உள்ளே, ஒரு எட்டு பின்னால். மூலையில் நின்றவள் காலைப் பிடிக்கப் பாய்ந்தாள். சுகன்யா அவளைத் தாண்டிக் குதித்தாள். குதித்த இடத்தில் இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். மூன்று பேர் அவளைப் பிடித்து இழுக்க, தரையில் குப்புற விழுந்தபடியே அவள் கையை நீட்டினாள். விரல் கோட்டில் பட்டதா இல்லையா என்று எல்லோரும் திரையை நோக்கி எக்கினார்கள். நடுவர் கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார்.

அறை வெடித்தது. அண்டாக்காரர் அண்டாவோடு சாய்ந்தார். சேவியர் மாதாவைக் கூப்பிட்டார், வேலம்மாள் திரௌபதி அம்மனைக் கூப்பிட்டாள். இன்னும் நொடிகள் பாக்கி, ஹரியானா கடைசியாக ஒருத்தியை அனுப்பியது. புதுச்சேரிப் பெண்கள் சங்கிலி போட்டு அவளை நடுவிலேயே அமுக்கினார்கள். விசில்.

அறைக்குள் எழுந்த கூச்சலில் புவனேஸ்வரிக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் கதவைத் தாண்டி வெளியே வந்தாள். மழை விட்டிருந்தது. பாகூர்ப் பக்கம் ஒரு வெடிச் சத்தம். அடுத்தது சரவெடி, நீளமாக. தீபாவளிக்கு விற்க வாங்கி அடுக்கியிருந்த வெடிகளைச் சுரேஷின் அப்பா கடையைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார் போல. குருவிநத்தத்தில் இன்னொன்று தொடங்கியது. ஆற்றங்கரைப் பக்கம் ஒன்று. எங்கோ தொலைவில், அவள் சிக்னல் போய்ச் சேருமா என்று சந்தேகப்பட்ட திசையில்கூட ஒன்று.

கோபுரம் அத்தனை வருஷம் பேசியதற்கு நாலா பக்கமிருந்தும் பதில் வந்துகொண்டிருந்தது. அவள் அழவில்லை. அழுகிற ஆளும் இல்லை. தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு வெடியாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். சௌந்தரராஜன் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் கேட்டார்.

"இது எல்லாம் நம்ம சிக்னலா?" என்றார்.

"வேற யாரு சார் இன்னிக்கு ஊருக்குப் படம் காட்டுறாங்க?"

அவளோடு உள்ளே போய், மேசை மேல் இருந்த காகிதத்தைச் சௌந்தரராஜன் எடுத்தார். ஈரக் கையில் அது நனைந்தது. அந்த வரியை ஒருமுறை வாய்க்குள் படித்தார். "இதை இப்ப நீ கையெழுத்துப் போட்டாலும் நான் வாங்க முடியாதும்மா. பொய் ஆயிடும்," என்று நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "நேயர் இருக்காங்கன்னு எழுதுறேன். என் கண்ணால பாத்தேன்னு எழுதுறேன். திட்டு வாங்கினேன்னு எழுத மாட்டேன்."

இதற்குள் சேவியர் கூட்டத்தை வெளியே கொண்டுபோய் முற்றத்தில் நிறுத்தி, டீ வாங்க ஆள் அனுப்பி, கூடவே விஷயத்தையும் சொல்லிவிட்டிருந்தார். சென்னையிலிருந்து சார் வந்திருக்கிறார், டவரை மூட. ஆட்டம் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்த கூட்டத்துக்கு இன்னும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

"எவன்டா மூட வந்தவன்? வெளிய வரச் சொல்லு!"

"அடுத்த மாசம் நேசனல் டீம்ல எடுப்பாங்க சுகன்யாவ, அத எதுல பாக்குறது?"

வேலம்மாளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. "சாரு, நீங்க வர்றீங்களா, நாங்க உள்ள வரட்டுமா?"

சௌந்தரராஜன் வாசலைப் பார்த்தார். ஏணியைப் பிடித்தபோது இருந்த தைரியம் கொஞ்சம் குறைந்திருந்தது. "நீ போய்ச் சொல்லிடேன். உன்னைத்தான் அவங்களுக்குத் தெரியும்."

"என்னை இன்னிக்குத்தான் சார் தெரியும். திட்டினாங்க, வாங்கிக்கிட்டேன். மூடுறதும் மூடாததும் உங்க கையில. அதை நீங்கதான் சொல்லணும்."

"கூட வாயேன்."

"டூட்டில இருக்கேன் சார். அடுத்து செய்தி போகணும். இன்னிக்கு நின்னா இவங்க சும்மா விடமாட்டாங்க."

அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். தோளில் இன்னும் ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டினார். மூடமாட்டோம் என்று சொல்ல வேண்டும், அந்தச் சொல்லுக்கு இத்தனை பேர் சாட்சி இருப்பார்கள். அது அவருக்கும் தெரிந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. வாசலைத் தாண்டிப் படியில் காலை வைத்தார். கூட்டம் ஒரே குரலில் 'ஓ' என்றது.

புவனேஸ்வரி அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். சொல்லாமல் திரும்பி வந்துவிடப் போகிறார் என்று சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.